பெட்டியில் இல்லை, அம்புக்குறியில் இருக்கிறது: மென்பொருள் கட்டமைப்பைக் கணக்கு போட்டுக் கற்பது எப்படி?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சித்திரைப் பிறப்புக்கு இரண்டே நாள். அன்று நாடெங்கும் பல மணி நேரம் யூபிஐ தடுமாறியது. கடலூர் மஞ்சக்குப்பமானாலும் புதுச்சேரி நேரு வீதியானாலும், கையில் சில்லறை இல்லாமல் போனை நம்பி வந்தவருக்கு அன்று ஒரே கேள்விதான்: பணம் போனதா, போகவில்லையா? அதற்கு முன்பே மார்ச் 26-ம் தேதி இதே போன்ற தடங்கல் ஏற்பட்டிருந்தது.

'சர்வர் டவுன்' என்று எல்லோரும் சொன்னார்கள். யூபிஐயை நடத்தும் என்பிசிஐ பின்னர் கண்டறிந்த காரணம் இன்னும் நுட்பமானது. ஏப்ரல் 12 அன்று அமைப்பை அமுக்கியவை 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று வங்கிகளின் பக்கத்திலிருந்து வெள்ளமாக வந்த கேள்விகள். பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடச் சில வங்கிகளின் மென்பொருள் திரும்பத் திரும்ப நிலை கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது: முதல் கேள்வியை 90 விநாடி கழித்துத்தான் கேட்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று அப்போது சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க முடியாது என்ற வரம்பும் வந்தது.

இருப்பைப் பார்ப்பதற்கும் பணம் போகாமல் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் குழம்பினார்கள். அந்தச் சம்பந்தத்தைப் பற்றிய அறிவுதான் மென்பொருள் கட்டமைப்பு, ஐடி நிறுவனங்களில் ஆர்க்கிடெக்சர் என்று சொல்லப்படுவது. கல்லூரியில் இதற்கு ஒரு தாள் இருக்கும், பரீட்சைக்கு ஒரு படம் வரைவார்கள். ஆனால் கட்டமைப்பைப் படம் வரைந்து கற்க முடியாது. கணக்கு போட்டும், எது உடையும் என்று கேட்டும்தான் கற்க முடியும். கடலூர், புதுச்சேரிச் சூழலிலேயே சில எடுத்துக்காட்டுகளை வைத்துப் பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

1. கூறு: ஒரு வேலையைப் பொறுப்பேற்றுச் செய்யும் பகுதி. போனில் உள்ள செயலி, சர்வரில் ஓடும் நிரல், டேட்டாபேஸ், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை. படத்தில் இவை பெட்டிகள்.

2. இணைப்பு: ஒரு கூறு இன்னொன்றோடு பேசும் வழி. படத்தில் அம்புக்குறி.

3. தரப் பண்பு: அமைப்பு என்ன செய்கிறது என்பது போக, அதை எப்படிச் செய்கிறது என்பது. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், நெட் போனால் என்ன ஆகும், ஒரு விதி மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்.

1992-ல் டுவெய்ன் பெரி, அலெக்சாண்டர் உல்ஃப் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை கட்டமைப்பை மூன்றாகப் பிரித்தது: கூறுகள், அவற்றின் அமைவு, அப்படி அமைத்ததற்கான காரணம். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காரணம் எழுதப்படாத படத்தைப் பார்த்து அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த முடிவு கட்டமைப்பு முடிவு, எது சாதாரண முடிவு? பின்னால் மாற்றினால் ஆகும் செலவை வைத்துப் பிரிக்கலாம். பொத்தானின் நிறத்தை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். பணத்தைத் தசமப் புள்ளி எண்ணாக வைப்பதா, பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைப்பதா என்பதை இரண்டு வருடத் தரவு சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. (பைசாவில் முழு எண்ணாகவே வையுங்கள். ஃப்ளோட் எனப்படும் தசமப் புள்ளி எண்ணில் வைத்தால் பல வரிகளைக் கூட்டும்போது ஒரு பைசா, இரண்டு பைசா இடிக்கலாம். வியாபாரியின் நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போகாது.)

ஒரு எடுத்துக்காட்டு: மீன்பிடித் துறைமுக ஏலக் கணக்கு

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பதிவு செய்ய ஒரு செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படகு வந்ததும் மீனைக் கூறு கூறாகப் பிரிக்கிறார்கள் (இந்தக் கூறு ஏலத்துக்கு வைக்கும் மீன் குவியல்; மேலே சொன்ன மென்பொருள் கூறு வேறு). ஏலம் போகிறது. எடை, விலை, வாங்கியவர் பெயர், ரொக்கமா பாக்கியா, கமிஷன் எவ்வளவு என்று பதிய வேண்டும். படகு உரிமையாளருக்கும் வியாபாரிக்கும் எஸ்எம்எஸ் போக வேண்டும்.

இதை ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்தால் முதல் நாளே பலகையில் எட்டு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடி, நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் சிறு நிரல்கள்) ஏறிவிடும்: ஏல சேவை, பில் சேவை, பயனர் சேவை, அறிவிப்பு சேவை. நடுவில், சேவைகளுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருள். படம் அழகாக இருக்கும். இப்போது பென்சில் எடுத்துக் கணக்கு போடுவோம். எண்கள் நம் அனுமானம்தான்; நேரில் போய் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

1. ஒரு காலையில் 150 படகு. படகுக்கு 8 கூறு. மொத்தம் 1,200 ஏலம்.

2. அதில் பாதி, 600 ஏலம், பரபரப்பான ஒரு மணி நேரத்துக்குள் நடக்கிறது. நிமிடத்துக்கு 10.

3. ஒரு ஏலத்துக்கு டேட்டாபேஸில் 5 எழுத்துப் பணிகள். நிமிடத்துக்கு 50. விநாடிக்கு ஒன்றுகூட இல்லை.

4. வருடத்துக்கு 250 நாள் நடந்தால் 3 லட்சம் ஏலம். ஒரு பதிவுக்கு 1 கேபி என்றால் 300 எம்பி. பென் டிரைவில் அடங்கும்.

சாதாரணமான ஒரே ஒரு சர்வரில், ஒரே நிரலாக ஓடும் மென்பொருளும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இதைப் போலப் பல நூறு மடங்கு வேலையைத் தாங்கும். எட்டு சேவைகள் இங்கே எந்தச் சிக்கலையும் தீர்க்கவில்லை. எட்டு இடத்தில் உடையும் வாய்ப்பைத்தான் கொண்டுவருகின்றன. ஒரே நிரலுக்குள் நடக்கும் ஃபங்ஷன் அழைப்பு நானோ விநாடிகளில் முடியும். அதையே நெட்வொர்க் தாண்டிய அழைப்பாக மாற்றினால் மில்லி விநாடிகள் ஆகும், சில நேரம் பதிலே வராது. நெட்வொர்க் எப்போதும் நம்பகமானது, தாமதம் பூஜ்யம் என்று நினைப்பதையெல்லாம் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் 1994-ல் தவறான நம்பிக்கைகள் என்று பட்டியலிட்டார். அந்தத் தவறுகளை இன்றைக்கும் ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து செய்கிறது.

அப்படியானால் இந்த அமைப்பில் கடினமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுமையில் இல்லை. துறைமுகத்தில் சிக்னல் வரும், போகும். கையெல்லாம் ஈரம், திரை தொடுதலை ஒழுங்காக ஏற்காது. பதிலுக்குக் காத்திருக்க ஏலம் விடுபவருக்கு நேரமில்லை, அடுத்த கூறுக்குப் போயாக வேண்டும். ஆகவே பொத்தானை இரண்டு முறை அழுத்துவார். கட்டமைப்பு இந்த நான்கு வரிகளிலிருந்து பிறக்க வேண்டும்.

ஒவ்வொரு அம்புக்குறிக்கும் நான்கு கேள்விகள்

படத்தில் ஒரு அம்புக்குறி போட்டதும், அதன் மேல் இந்த நான்குக்கும் பதில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்த இடம் இன்னும் வடிவமைக்கப்படவில்லை என்று பொருள்.

1. இந்த வழியாக எவ்வளவு போகிறது? சராசரி அல்ல, உச்சம்.

2. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்போம்? இதுதான் டைம்அவுட். பல நிரல் நூலகங்களில் இயல்பாக டைம்அவுட்டே கிடையாது. நாம் எண் கொடுக்காவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும்.

3. பதில் வரவே இல்லை என்றால் என்ன செய்வோம்? மறுபடி கேட்போமா, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில்?

4. ஒரே செய்தி இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து சறுக்கியதால்தான் யூபிஐ விவகாரம் அந்த அளவுக்குப் போனது. அதை எண்களில் பார்த்தால் தெளிவாகும்.

வரிசை ஏன் திடீரென்று வெடிக்கிறது?

ரேஷன் கடைக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் பொருள் வாங்கிப் போக 15 நிமிடம் ஆகிறது என்றால், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் சராசரியாக 30 பேர் நிற்பார்கள். வருகை வீதத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. 1961-ல் ஜான் லிட்டில் இதை நிரூபித்தார். லிட்டில் விதி என்பார்கள். கட்டமைப்பு கற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒற்றை வரிச் சூத்திரம் கிடையாது.

ஒரு சர்வருக்கு விநாடிக்கு 1,000 கோரிக்கை வருகிறது, ஒவ்வொன்றும் 0.2 விநாடியில் முடிகிறது என்று வைப்போம். உள்ளே எப்போதும் 200 கோரிக்கைகள். ஒரே நேரத்தில் 500 வரை தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள், நிம்மதியாக ஓடுகிறது.

திடீரென்று டேட்டாபேஸ் மெதுவாகிறது. நின்றுபோகவில்லை, 0.2 விநாடி வேலை 2 விநாடி எடுக்கிறது, அவ்வளவுதான். இப்போது உள்ளே 2,000 பேருக்கு இடம் வேண்டும். இருப்பது 500. எனவே விநாடிக்கு 250 மட்டுமே முடிகிறது. மீதி 750 வெளியே தேங்குகிறது, டைம்அவுட் ஆகிறது. டைம்அவுட் ஆனதும் செயலி என்ன செய்யும்? மறுபடி கேட்கும். ஏற்கெனவே மூச்சு முட்டும் சர்வருக்கு, தோற்ற கோரிக்கைகளும் புதுக் கோரிக்கைகளோடு சேர்ந்து வருகின்றன.

இதில் இன்னொரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது. செயலி, வங்கி, மைய அமைப்பு என்று மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும், தோற்றால் மொத்தம் 3 முறை முயலும்படி தனித்தனிக் குழுக்கள் எழுதியிருக்கின்றன. தனியாகப் பார்த்தால் மூன்று முறை என்பது நியாயம்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் 3 × 3 × 3. பயனர் ஒரு முறை தட்டியதற்கு அடியில் 27 கோரிக்கை. எந்தக் குழுவின் நிரலிலும் பிழை இல்லை, முழு அமைப்பில் பிழை இருக்கிறது. கட்டமைப்பு என்று தனியாக ஒரு துறை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

தீர்வுகள் நடைமுறையில் நான்கு:

1. மறுமுயற்சி ஒரே ஒரு அடுக்கில் மட்டும். மற்ற அடுக்குகள் தோல்வியை அப்படியே மேலே சொல்ல வேண்டும்.

2. இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது: 1, 2, 4, 8 விநாடி. அதோடு சிறிது தற்செயல் நேரம் சேர்ப்பது. சேர்க்காவிட்டால் ஒரே நொடியில் தோற்ற ஆயிரம் போன்களும் ஒரே நொடியில் திரும்பி வந்து மோதும்.

3. உச்சவரம்பு. என்பிசிஐ வைத்த 90 விநாடியும் மூன்று முறையும் இந்த வகை.

4. எதிர்ப்பக்கம் தொடர்ந்து தோற்றால் சிறிது நேரம் கேட்பதையே நிறுத்திவிடும் தடுப்பு. வீட்டில் மின்சாரம் எகிறினால் விழும் ட்ரிப்பர் போல; இதன் பெயரும் சர்க்யூட் பிரேக்கர்தான்.

இருப்புத் தொகை வரம்பின் காரணமும் இங்கே விளங்கும். இருப்பைப் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் வங்கியின் அதே மைய அமைப்பின் வாசலில் போய் நிற்கின்றன. அவசரமில்லாத கேள்வி அவசரமான வேலையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு முறை அழுத்தினாலும் ஒரு முறையே பதிய

துறைமுகச் செயலிக்குத் திரும்புவோம். ஏலத்தைச் சர்வருக்கு அனுப்பினோம், பதில் வரவில்லை. இரண்டு சாத்தியம்: கோரிக்கையே போய்ச் சேரவில்லை; அல்லது போய்ப் பதிந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. அனுப்பியவர் இடத்திலிருந்து இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. மறுபடி அனுப்பாவிட்டால் ஏலம் விடுபட்டிருக்கலாம், அனுப்பினால் 40 கிலோ வஞ்சிரம் இரண்டு முறை விற்றதாகிவிடலாம்.

எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒரு முறை வந்ததைப் போலவே இருக்க வேண்டும். இந்தப் பண்பை ஐடெம்பொடன்ட் என்பார்கள். செய்யும் முறை:

1. ஒவ்வொரு ஏலத்துக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்க வேண்டும். அதற்கு யூயூஐடி (நடைமுறையில் மறுபடி வராத, தானாக உருவாகும் நீண்ட எண்) போதும்.

2. அந்த எண் பதிவுப் படிவம் திறக்கும்போது உருவாக வேண்டும். 'சேமி' பொத்தானை அழுத்தும்போது உருவானால், இரண்டாவது அழுத்தலுக்கு வேறு எண் கிடைத்துவிடும். செய்த ஏற்பாடெல்லாம் வீண். மிக அதிகமாக நடக்கும் தவறு இது.

3. டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு போட வேண்டும். 'முதலில் தேடிப்பார், இல்லையென்றால் சேர்' என்று நிரலில் மட்டும் எழுதினால் போதாது. ஒரே கணத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளும் 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இரண்டுமே சேர்த்துவிடும்.

4. இரண்டாவது முறை வந்தால் பிழை காட்டக் கூடாது. முதல் முறை கொடுத்த அதே பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிக்னல் இல்லாதபோது பதிவு போனிலேயே சேர்ந்து, சிக்னல் வந்ததும் மேலே போக வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது: பில் எண். நெட் இல்லாத இரண்டு போன்கள் அடுத்தடுத்து எண் கொடுத்தால் இரண்டும் 118 என்று கொடுக்கும். போனுக்கு ஒரு எழுத்து ஒதுக்கி அ-118, ஆ-118 என்று ஆக்கினால் மோதல் இல்லை. போன் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். எது முதலில் நடந்தது என்பதற்குப் போனின் வரிசை எண்ணும் சர்வர் பெற்ற நேரமும் இரண்டுமே வேண்டும்.

புயல் எச்சரிக்கை: அதே கரை, தலைகீழ்க் கணக்கு

ஏல அமைப்பில் சுமை சிறியது, தினமும் வருவது. அதே மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு என்றால் எல்லாமே மாறும். வருடம் முழுக்கச் சும்மா கிடக்கும். ஒரே ஒரு நாள் முழு வேகத்தில் ஓட வேண்டும், அதுவும் கரண்டும் டவரும் போகப்போகும் நாளில்.

50,000 பேருக்குத் தமிழில் எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70தான். செய்தி நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. மேலும் நம் கண்ணுக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது யூனிகோடில் ஒன்றாக இருக்காது. 'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. 150 குறி நீளமுள்ள எச்சரிக்கை மூன்று துண்டாகும். மொத்தம் 1,50,000 துண்டு. அனுப்பும் சேவை விநாடிக்கு 100 துண்டு தாங்கும் என்றால் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம். வாசகத்தை 70 குறிக்குள் சுருக்கினால் 8 நிமிடம் சொச்சம். சர்வரை மாற்றாமல் வாக்கியத்தை மாற்றிக் கிடைத்த வேகம் இது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகத்தை டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும் என்பதால், இந்தச் சுருக்கலைப் புயல் நாளில் உட்கார்ந்து செய்ய முடியாது.

அதைவிடப் பெரிய மாற்றம் அம்புக்குறியின் வடிவத்தையே மாற்றுவது. 2023-ல் நாடெங்கும் போன்கள் திடீரென்று அலறி, சோதனை எச்சரிக்கை என்று காட்டியது நினைவிருக்கும். அது செல் பிராட்காஸ்ட். டவர் ஒரு முறை பரப்புகிறது. அதன் எல்லைக்குள் 10 போன் இருந்தாலும் 10,000 போன் இருந்தாலும் அதே வேலைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என்ற பெருக்கலே மறைந்துவிட்டது. ஆனால் கரையிலிருந்து தொலைவில், டவர் எட்டாத கடலில் இருக்கும் படகுக்கு இரண்டுமே போகாது. அங்கே விஎச்எஃப் வயர்லெஸ்தான். நல்ல கட்டமைப்புப் படத்தில் மென்பொருள் அல்லாத பெட்டிகளும் இருக்கும்.

உயிர்ப்பு நேரக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 99.9 சதவீதம் இயங்கும் கூறு வருடத்தில் 8 மணி 46 நிமிடம் நிற்கலாம். அப்படி ஐந்து கூறுகள் வரிசையாக இணைந்து, எல்லாம் இயங்கினால்தான் வேலை நடக்கும் என்றால் ஐந்தையும் பெருக்க வேண்டும்: 99.5 சதவீதம், வருடத்தில் ஏறத்தாழ 44 மணி நேரம். ஒவ்வொரு பெட்டியும் இப்படிக் கழித்துக்கொண்டே போகும்.

அதற்கு மாற்றாக ஒரே வேலைக்கு இரண்டு சர்வர் வைப்பார்கள். இரண்டும் தனித்தனியே 99 சதவீதம் என்றால், சேர்ந்து 99.99. இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து, கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நகரம் வெள்ளத்தில் மிதந்தது. ஒன்று கடலூரில், ஒன்று புதுச்சேரியில் என்று இடையே 22 கிலோமீட்டர் விட்டு இரண்டு சர்வர் வைத்தவருக்குப் புயல் நாளில் இருப்பது ஒரே சர்வர்தான்.

எல்லை எங்கே போடுவது?

ஒரே நிரலாக இருந்தாலும் உள்ளே பகுதிகள் பிரிந்திருக்க வேண்டும். எந்த அடிப்படையில்? பலரும் வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பார்கள்: பதிவு, கணக்கு, பில், செய்தி. 1972-ல் டேவிட் பார்னஸ் வேறு வழி சொன்னார்: பின்னால் மாறக்கூடிய முடிவுகள் எவை என்று பட்டியலிடு, ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வை.

துறைமுகத்தில் எது மாறும்? கமிஷன் விகிதம், எஸ்எம்எஸ் நிறுவனம், மீனின் பெயர்ப் பட்டியல். மத்தி என்பவரும் சாளை என்பவரும் ஒரே மீனைத்தான் சொல்கிறார்கள். கமிஷன் சூத்திரம் பதிவுத் திரையில் ஒன்று, பில்லில் ஒன்று, மாத அறிக்கையில் ஒன்று என்று மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்தால், விகிதம் மாறும் நாளில் ஒன்று விடுபடும். பில் ஒரு தொகை சொல்லும், அறிக்கை வேறு சொல்லும்.

எல்லை தாறுமாறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் வரைபடமே சாட்சி. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அல்ல. கடலூர், விழுப்புரம் மாவட்ட நிலங்களுக்குள் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் விழுந்த கோடுகள், 1954-ல் ஆட்சி கைமாறிய பிறகும் அப்படியே நிற்கின்றன. ஒரு சாலை போடவோ ஒரு வாய்க்காலைத் தூர்வாரவோ இரண்டு நிர்வாகம் பேச வேண்டியிருக்கிறது. நிரலிலும் இப்படித்தான்: எல்லையைத் தாண்டும் வேலை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் எல்லை சரியா என்று தெரியும். கடந்த மாதம் செய்த பத்து மாற்றங்களில் ஆறு, இரண்டு பகுதிகளில் ஒரே நேரத்தில் கை வைக்கச் செய்தன என்றால் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

மெல்வின் கான்வே 1968-ல் சொன்னதும் இங்கே பொருந்தும்: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த வடிவத்திலேயே அது கட்டும் மென்பொருளும் அமையும். தமிழ்நாட்டுப் படகுக்கும் புதுச்சேரிப் படகுக்கும் பதிவெண்ணில் மாநிலக் குறியீடே வேறு, பொறுப்பான துறை வேறு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே டேட்டாபேஸ் என்று திட்டமிட்டால் அதன் சாவி யாரிடம் என்ற கேள்வியிலேயே திட்டம் நிற்கும். இரண்டு அமைப்பு, நடுவே ஒத்துக்கொண்ட ஒரு தரவு வடிவம் என்பதுதான் ஓடும்.

தொடர்பு அறுந்தால்: மாஹேவை நினைத்துப் பாருங்கள்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளில் காரைக்கால் தெற்கே, மாஹே கேரளக் கரையில், யானம் ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில். நான்குக்கும் பொதுவாக ஒரு பதிவேடு, மைய டேட்டாபேஸ் புதுச்சேரியில் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மாஹேவுக்கும் புதுச்சேரிக்கும் இடையே கேபிள் அறுந்துவிட்டது. மாஹே கவுன்டரில் ஒருவர் வந்து நிற்கிறார்.

இரண்டே வழி. மையத்தைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பலாம். கணக்கு எப்போதும் ஒன்றாக இருக்கும், சேவை நிற்கும். அல்லது இங்கேயே பதிந்துகொண்டு பிறகு சரிபார்க்கலாம். சேவை நடக்கும், கணக்கு சிறிது நேரம் முரண்படும். எரிக் புரூவர் 2000-ல் முன்வைத்து, 2002-ல் கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபித்த கேப் தேற்றம் சொல்வது இதைத்தான். கணக்கு ஒன்றாக இருப்பது, சேவை நிற்காமல் இருப்பது, தொடர்பு அறுந்தாலும் தாங்குவது என்ற 'மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு' என்று பாடக் குறிப்புகளில் எழுதியிருப்பது குழப்பும். தொடர்பு அறுவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அது நடக்கும். நடக்கும்போது எதை விடுவது என்பதுதான் தேர்வு.

இந்தத் தேர்வை முழு அமைப்புக்கும் ஒரே அடியாகச் செய்யாமல் வேலைக்கு வேலை செய்யலாம். ஏலச் செயலியில், நடந்து முடிந்த விற்பனையைப் பதிவது நெட் இல்லாமலும் நடக்கலாம். அது நடந்த உண்மை, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வியாபாரியின் பாக்கி வரம்பை உயர்த்துவது மையத்தைக் கேட்டே நடக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஏலக்காரர்கள் தனித்தனியாக ஒரே வரம்பை இருமுறை கொடுத்துவிடுவார்கள்.

காரணத்தை எழுதி வைப்பது

2011-ல் மைக்கேல் நைகார்ட் பரிந்துரைத்த எளிய வடிவம் இன்றும் நன்றாக வேலை செய்கிறது: ஒரு முடிவுக்கு ஒரு பக்கம், நிரல் இருக்கும் இடத்திலேயே. ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட், அதாவது கட்டமைப்பு முடிவுப் பதிவு) என்பார்கள். மாதிரி:

முடிவு 4: ஏலப் பதிவு முதலில் போனில் சேமிக்கப்படும்.
நிலை: ஏற்கப்பட்டது.
சூழல்: துறைமுகத்தில் சிக்னல் நிலையாக இல்லை. ஏலம் காத்திருக்காது. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 10 ஏலம்.
முடிவு: பதிவு போனில் எழுதப்பட்டதும் திரை அடுத்த கூறுக்குப் போகும். பின்னணியில் சர்வருக்கு அனுப்பப்படும். அடையாள எண் படிவம் திறக்கும்போதே உருவாகும்.
விளைவுகள்: நெட் இல்லாமலும் ஏலம் நடக்கும். போன் தண்ணீரில் விழுந்தால் அனுப்பப்படாத பதிவுகள் போய்விடும். ஆகவே அனுப்பப்படாதவற்றின் எண்ணிக்கை திரையில் எப்போதும் தெரியும், 20 தாண்டினால் ஒலி எழும்பும். பாக்கி வரம்பை நெட் இல்லாமல் மாற்ற முடியாது.

'விளைவுகள்' பகுதியில் கெடுதல் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள். எதையும் விட்டுக்கொடுக்காத முடிவு கிடையாது. முடிவு மாறினால் பழைய பக்கத்தை அழிக்காமல், 'முடிவு 11 இதை மாற்றியது' என்று குறித்து வையுங்கள்.

பழகும் முறை

1. தினமும் பயன்படுத்தும் ஓர் அமைப்பை எடுங்கள்: பேருந்து முன்பதிவு, மின்கட்டணம். ஒரு ஏ4 தாளில் அடங்கும்படி படம். பெட்டி எட்டுக்கு மேல் போகக் கூடாது.

2. ஒவ்வொரு அம்புக்குறியிலும் நான்கு கேள்விக்கான பதில். எண் தெரியாவிட்டால் அனுமானம் எழுதி, அடியில் கோடிடுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைக் கையால் மூடுங்கள். பயனர் திரையில் என்ன காண்பார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு பெட்டி நிற்காமல் பத்து மடங்கு மெதுவானால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்விதான் கடினம், அதில்தான் கற்றல்.

4. எதிர்த்து வாதாட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் என்ன?' என்பதே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

5. சிறியதாக ஒன்றைக் கட்டி, நீங்களே உடையுங்கள். டேட்டாபேஸ் அழைப்பில் 2 விநாடி செயற்கைத் தாமதம் சேர்த்துப் பத்து நிமிடம் சுமை கொடுத்துப் பாருங்கள். லிட்டில் விதி கண்முன்னே ஓடும்.

6. எப்போது புழக்கத்துக்கு விடுவது என்பதும் கட்டமைப்பு முடிவே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், சிறிய நாட்டுப் படகுகள் மட்டும் போய்வரும். ஏலச் செயலியை அந்தச் சிறு சுமையில், நோட்டுக் கணக்கும் கூடவே நடக்க, இரண்டு மாதம் ஓட்டலாம். ஒவ்வொரு நாளும் நோட்டையும் செயலியையும் ஒப்பிட்டு, முரண்பட்ட வரி எத்தனை என்று எழுதுங்கள். தொடர்ந்து 14 நாள் பூஜ்யம் வந்தால், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீனோடு திரும்பும் முதல் காலைக்கு நோட்டை மூடி வைக்கலாம். வராவிட்டால் அன்றும் நோட்டு கையிலேயே இருக்கட்டும்.